தேர்வுக்கு முன் திரையோடு ஒரு மாதம்

மும்பையின் புறநகர்க் கிளையொன்றில் நாங்கள் பணியாற்றிய காலத்தில், சிற்றுண்டிக் கடை நடத்தும் தமிழர் ஒருவர் நாள்தோறும் பிற்பகலில் விற்பனைத் தொகையைச் செலுத்த வருவார். பத்து ரூபாய்த் தாள்களையும் சில்லறையையும் தனித்தனியே அடுக்கி, எண்ணி, குறிப்பெழுதிக் கொண்டுவருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒருநாள் பணம் செலுத்திய பின்னரும் அவர் முகப்பை விட்டு நகரவில்லை.

"சார், எம் பொண்ணு பேங்க் பரீட்சை எழுதுனா. வீட்டுல எழுதிப் பாக்கறப்ப எழுபதுக்குக் கொறையாம வாங்குவா. அங்க போயி முப்பதுகூட வரல. என்ன ஆச்சுன்னு அவளுக்கே சொல்லத் தெரியல. நீங்க ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

மறுநாள் அந்தப் பெண் வந்தார். வணிகவியல் பட்டதாரி, இரண்டாண்டுகளாகத் தேர்வுக்குப் படிப்பவர். எழுத்தர் பணிக்குப் பொதுப் பிரிவினருக்கான உச்ச வயது 28. அவருக்கு இருபத்தைந்து முடிந்திருந்தது. ஆண்டுக்கொரு முறை வரும் தேர்வில் அவருக்கு எஞ்சியிருந்தவை இரண்டே வாய்ப்புகள்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்தார் என்பதை முதலிலிருந்து சொல்லும்படி கேட்டோம். கணக்குகளைச் சரியாகவே போட்டிருந்தார். விடையைத் தேர்ந்து அதன் வட்டத்தையும் சொடுக்கியிருந்தார். பிறகு, அடுத்த எளிய வினாவுக்குச் செல்ல, திரையின் வலப்புறத்தில் இருந்த எண்ணை நேரடியாகச் சொடுக்கிச் சென்றிருக்கிறார். அப்படிச் சென்றால் முந்தைய விடை பதிவாகாது. "டிக் பண்ணிட்டா பதிவாயிடும்னு நெனச்சேன் சார். நெறைய நம்பர் செவப்பாவே இருந்துச்சு. முடிச்சதெல்லாம் செவப்பு போலன்னு விட்டுட்டேன்" என்றார்.

அறிவு குறைவாக இருந்திருந்தால் நாங்கள் சொல்வதற்கு ஒன்றும் இருந்திராது. அவருக்கு விடை தெரிந்திருந்தது. அந்த விடை கணினியைச் சென்றடையவில்லை. கணினி வழித் தேர்வு எழுதப் போகும் ஒவ்வொருவரும், அவர்களைப் படிக்கவைக்கும் பெற்றோரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. திரை என்பது தனிப் பாடம் அன்று. அது ஒரு பழக்கம். பழகாதவரின் அறிவைத் திரை மறைத்துவிடும். பழகுவதற்கு வேண்டியது ஒரு மாதம்.

பேரேட்டிலிருந்து திரைக்கு

இந்த இடர்ப்பாடு வங்கியாளர்களாகிய எங்களுக்குப் புதிதன்று. இருபது ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பணியில் சேர்ந்தபோது, கிளைகள் ஒவ்வொன்றாகக் கோர் பேங்கிங் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. எங்கள் கிளையில் மூத்த எழுத்தர் ஒருவர் இருந்தார். காசோலையில் உள்ள கையொப்பத்தைப் பார்த்த அளவிலேயே இது யாருடைய கணக்கு, எந்தப் பேரேட்டில் எத்தனையாவது பக்கம் என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் திரைக்கு முன் அமர்ந்த முதல் வாரத்தில் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். வரிசை வாசல்வரை நீண்டது. வாடிக்கையாளர் ஒருவர், "பெரியவருக்கு வேலை தெரியல போல" என்று சொன்னது அவர் காதிலும் விழுந்தது.

அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. காசறை பூட்டிய பின் நாள்தோறும் அரை மணி நேரம் இருந்து, பயிற்சிக்கென வைத்திருந்த மாதிரிக் கணக்குகளில் பதிவுகளைப் போட்டுப் போட்டு அழித்தார். ஒரு மாதம் கழிந்தபின் கிளையிலேயே விரைவாகப் பதிவு செய்தவர் அவர்தான். கணக்கியலை அவர் புதிதாகக் கற்கவில்லை. தெரிந்ததைக் கொண்டுசெல்லும் வழியை மட்டுமே பழகிக்கொண்டார். தேர்வெழுதுவோர் செய்ய வேண்டியதும் இதுவே.

இன்றைய தேர்வுகள்

அரசுத்துறை வங்கிகளுக்குப் பொது எழுத்துத் தேர்வு என்னும் முறையை ஐ.பி.பி.எஸ். நிறுவனம் 2011இல் தொடங்கியது. 2015 முதல் அதிகாரி, எழுத்தர் தேர்வுகள் முதல்நிலை, முதன்மை என இரு கட்டங்களாக நடைபெறுகின்றன, இரண்டும் கணினியில்தான். மேலாண்மைக் கல்விக்கான கேட் தேர்வு 2009இலேயே கணினிக்கு வந்துவிட்டது. பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரி நிலைத் தேர்வு 2016 முதலும், பொறியியல் படிப்புக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு 2019 முதலும் கணினி வழியே நடக்கின்றன.

எழுத்தர் தேர்வை ஆங்கிலம், இந்தி ஆகியவற்றோடு தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடத்தும் முடிவு 2021இல் அறிவிக்கப்பட்டது. எந்த மாநிலத்தின் பணியிடத்துக்கு விண்ணப்பிக்கிறோமோ அம்மாநிலத்துக்குரிய மொழியைத் தேர்ந்துகொள்ளலாம். விண்ணப்பத்தில் எம்மொழியைக் குறித்தோமோ அம்மொழியிலேயே திரைப் பயிற்சியும் அமைய வேண்டும். தமிழில் எழுதப் போகிறவர் ஆங்கில மாதிரித் தேர்வுகளிலேயே பழகியிருந்தால், தேர்வறையில் கலைச்சொற்களைப் புரிந்துகொள்ளவே காலம் செலவாகும்.

நொடிகளின் கணக்கு

வங்கி முதல்நிலைத் தேர்வில் 100 வினாக்கள், 60 நிமிடங்கள். ஆங்கிலத்தில் 30, கணிதத் திறனில் 35, பகுத்தறியும் திறனில் 35 வினாக்கள். ஒவ்வொரு பகுதிக்கும் 20 நிமிடம் எனத் தனித்தனியே நேரம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஒரு பகுதியில் மிஞ்சிய நேரத்தை மற்றொன்றுக்கு எடுத்துச் செல்ல இயலாது.

சராசரியாக ஒரு வினாவுக்குக் கிடைப்பது 36 நொடிகள். மவுஸின் அம்புக்குறியைத் தேடுவதிலும், வட்டத்தைச் சரியாகச் சொடுக்குவதிலும், அடுத்த பொத்தானைக் கண்டுபிடிப்பதிலும் வினாவுக்கு 4 நொடிகள் மட்டுமே வீணாவதாகக் கொள்வோம். 100 வினாக்களுக்கு 400 நொடிகள். அதாவது 6 நிமிடம் 40 நொடி. அந்நேரத்தில் 11 வினாக்களுக்கு விடையளித்திருக்கலாம். ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் வாய்ப்பு கைநழுவும் தேர்வில் 11 வினாக்கள் என்பது சிறு தொகையன்று.

இதற்குமேல் தவறான விடைக்கு நான்கில் ஒரு பங்கு மதிப்பெண் கழிக்கப்படுகிறது. வினாவுக்கு ஒரு மதிப்பெண் எனக் கொண்டால், சரியான விடையை மனத்தில் வைத்துக்கொண்டு கை தவறிப் பக்கத்து வட்டத்தைச் சொடுக்குபவர் வரவேண்டிய ஒன்றை இழப்பதோடு, கையிலிருப்பதில் காலையும் இழக்கிறார். வேறுபாடு 1.25. இத்தகைய கைப்பிழை ஐந்து நேர்ந்தால் 6.25 மதிப்பெண்கள் போய்விடும்.

திரையில் எது எங்கே இருக்கும்?

தேர்வுக்குத் தேர்வு சிறு வேறுபாடுகள் இருப்பினும் திரையின் அடிப்படை அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. நடுவில் வினாவும் விடைகளும் இருக்கும். மேலே வலப்புறத்தில் எஞ்சிய நேரம் இறங்குமுகமாக ஓடிக்கொண்டிருக்கும்; அது சுழியத்தைத் தொட்டதும் தேர்வு தானாக முடிந்துவிடும். வலப்பக்கத்தில் எல்லா வினாக்களின் எண்களும் அடுக்கப்பட்ட பலகை உண்டு. அதிலுள்ள நிறங்களைத் தெளிவாக அறிந்துகொள்வது இன்றியமையாதது.

பச்சை: விடை பதிவாகிவிட்டது.
சிவப்பு: வினாவைத் திறந்து பார்த்தோம், விடை பதிவாகவில்லை.
ஊதா: மீண்டும் பார்ப்பதற்காகக் குறித்து வைத்திருக்கிறோம்.
சாம்பல் அல்லது வெள்ளை: இன்னும் திறக்கவே இல்லை.

கீழே பொத்தான்கள். 'சேவ் அண்ட் நெக்ஸ்ட்' என்பதை அழுத்தினால் விடை பதிவாகி அடுத்த வினா வரும். 'மார்க் ஃபார் ரிவ்யூ' என்பது மறுபார்வைக்குக் குறிப்பது. 'கிளியர் ரெஸ்பான்ஸ்' தேர்ந்த விடையை நீக்குவது. விடையைத் தேர்ந்தபின் மறுபார்வைக்குக் குறித்தால், வங்கித் தேர்விலும் ஜே.இ.இ. தேர்விலும் அவ்விடை மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படும். மீண்டும் வந்து பார்க்க நேரமில்லாமல் போனாலும் அது கணக்கில் சேரும். தவறாயின் மதிப்பெண்ணும் கழியும். ஆதலால், உறுதியில்லாத விடையைச் 'சும்மா இருக்கட்டும்' என்று தேர்ந்துவைத்துக் குறிப்பது நல்லதன்று.

பலகையிலுள்ள எண்ணைச் சொடுக்கி வேறு வினாவுக்குத் தாவலாம். ஆனால் அவ்வாறு தாவும்போது, நடப்பு வினாவில் நாம் தேர்ந்த விடை பதிவாகாது. மேலே குறிப்பிட்ட பெண் இழந்தது இங்கேதான். வங்கியில் ஒருவர் பதிவு செய்த வரவுச்சீட்டுக்கு மற்றொருவர் ஒப்புதல் தரும்வரை அது கணக்கில் ஏறாது. சீட்டு மேசையில் இருக்கிறது, தொகையும் எழுதப்பட்டிருக்கிறது என்பதால் இருப்பு கூடிவிடுவதில்லை. வட்டத்தைச் சொடுக்குவது சீட்டு எழுதுவதைப் போன்றது; 'சேவ் அண்ட் நெக்ஸ்ட்' என்பதே ஒப்புதல்.

கொள்குறி வினாக்களில் எல்லாவற்றையும் மவுஸால்தான் செய்ய வேண்டும். விசைப்பலகையைத் தொடும் தேவையில்லை. ஜே.இ.இ. தேர்வில் எண்ணையே விடையாக இட வேண்டிய வினாக்களுக்கும், திரையில் தோன்றும் எண்பலகையை மவுஸால் அழுத்த வேண்டும். தொடக்கத்தில் வரும் அறிவுறுத்தல் பக்கம் இவற்றையெல்லாம் சொல்லும். அதை வரிவரியாகப் படியுங்கள். பழகியவரும் படிக்க வேண்டும். விதி மாறியிருந்தால் தெரியும் இடம் அதுவே.

திரையில் வாசிப்பது வேறு

காகிதத்தில் படிக்கும்போது விரலை வைத்துக்கொள்கிறோம், அடிக்கோடு இடுகிறோம், முக்கியமான வரி பக்கத்தின் எந்த மூலையில் இருந்தது என்பதைக் கண் நினைவில் வைத்துக்கொள்கிறது. திரையில் இவை எதுவும் இல்லை. வரிகள் மேலும் கீழும் நகர்ந்துகொண்டே இருக்கும். 54 ஆய்வுகளின் முடிவுகளை ஒருங்கே திரட்டி 2018இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று, காகிதத்தில் வாசிப்போரே உரையை மேலாகப் புரிந்துகொள்கின்றனர் எனக் கண்டது. நேரக் கட்டுப்பாடு இருக்கும்போது இவ்வேறுபாடு கூடுகிறது என்பதும் அதன் முடிவு. தேர்வறை என்பது நேரக் கட்டுப்பாட்டின் உச்சம் அல்லவா?

இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. மாற்று வழிகள் உண்டு. பத்தியைத் தந்து வினாக் கேட்கும் பகுதியில் பெரும்பாலும் இடப்பாதியில் பத்தியும் வலப்பாதியில் வினாவும் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனி நகர்த்துபட்டைகள் உண்டு. பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பார்க்காமல், பத்தி முடிந்துவிட்டது என எண்ணி விடையளித்தவர்களை நாங்கள் அறிவோம். பத்தி திறந்ததும் ஒருமுறை அடிவரை நகர்த்தி அதன் நீளத்தைக் கண்டுகொள்ள வேண்டும். பிறகு வரியோடு வரியாக அம்புக்குறியை நகர்த்தியபடி வாசிக்கலாம். விரல் செய்த வேலையை அது செய்யும்.

கைபேசியில் படித்துப் பழகியவர்களுக்கு ஒரு சொல். கைபேசித் திரை கைக்குள் அடங்குவது; கட்டைவிரலால் நகர்வது; கண்ணுக்கு மிக அருகில் இருப்பது. தேர்வறையின் திரை பெரியது. கையெட்டும் தொலைவில் நிமிர்ந்து நிற்பது. மவுஸுக்கு மட்டுமே கட்டுப்படுவது. கைபேசியில் நூறு மாதிரித் தேர்வு எழுதியவருக்கும் மேசைக் கணினி புதியதே.

திரைக்கும் தாளுக்கும் இடையில்

தேர்வறையில் எழுதிப் பார்க்கத் தாள் தரப்படும். நிமிர்ந்து நிற்கும் திரையிலிருந்து படுத்திருக்கும் தாளுக்குக் கண் இறங்கி ஏறும் அந்தச் சிறு வழியில்தான் எண்கள் இடம் மாறுகின்றன. 5,840 என்பது 5,480 ஆகிவிடும். கணக்கு முறை சரியாக இருந்தும் விடை தவறும். அந்தத் தவறான விடையும் பட்டியலில் ஒன்றாக இருந்துவிட்டால், ஐயமே எழாது.

இருப்பாய்வில் வேறுபாடு வந்தால் வங்கியாளர்கள் முதலில் அதனை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார்கள். மீதியின்றி வகுபட்டால், ஏதோ ஓர் எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது வணிகவியல் மாணவர் அறிந்த பழைய பாடம். மேற்கண்ட இரண்டு எண்களின் வேறுபாடு 360. ஒன்பதால் வகுத்தால் 40. தேர்வில் இந்தச் சோதனைக்கெல்லாம் நேரமிராது. ஆகவே வருமுன் காக்கும் பழக்கம் வேண்டும். எண்ணைப் பார்த்து எழுதியதும், கணக்கைத் தொடங்குமுன் மீண்டும் ஒருமுறை திரையை நோக்க வேண்டும். தாளில் வினா எண்ணை இட்டு அதன்கீழ் கணக்கைப் போட வேண்டும். அட்டவணையின் எல்லா எண்களையும் படியெடுக்காமல், வினாவுக்கு வேண்டியவற்றை மட்டும் எடுக்க வேண்டும். இம்மூன்றையும் வீட்டுப் பயிற்சியிலேயே கடைப்பிடித்தால் தேர்வறையில் கை தானே செய்யும்.

தட்டச்சு

அதிகாரி பணிக்கான முதன்மைத் தேர்வில், ஆங்கிலத்தில் விரித்தெழுதும் பகுதி உண்டு. 25 மதிப்பெண், 30 நிமிடம். இங்கே மவுஸுக்கு வேலையில்லை. விசைப்பலகையில் தட்டச்சு செய்ய வேண்டும். மொத்தம் 400 சொற்கள் எழுதுவதாகக் கொள்வோம். நிமிடத்துக்கு 15 சொற்கள் தட்டுபவருக்கு அதற்கே ஏறத்தாழ 27 நிமிடம் ஆகிவிடும். சிந்திக்க எஞ்சுவது 3 நிமிடம். நிமிடத்துக்கு 25 சொற்கள் தட்டுபவர் 16 நிமிடத்தில் முடித்துவிடுவார். கருத்தைத் தொகுக்கவும் பிழை திருத்தவும் 14 நிமிடம் கிடைக்கும். இருவரும் ஒரே அளவு படித்தவர்களாயினும் அவர்கள் எழுதும் கட்டுரைகள் ஒன்றாக இரா.

எஃப், ஜே ஆகிய இரு விசைகளின் மேல் சிறு மேடு இருப்பதைத் தடவிப் பார்த்திருப்பீர்கள். இரு கைகளின் சுட்டுவிரல்களும் தங்க வேண்டிய இடத்தைப் பார்க்காமலே உணர்த்துவதற்காக அமைந்தவை அவை. விரல்களை அங்கே வைத்து நாள்தோறும் 20 நிமிடம் பழகினால், ஒரு மாதத்தில் கண் விசைப்பலகையை விட்டு விலகித் திரைக்கு வந்துவிடும்.

முப்பது நாள் திட்டம்

வீட்டில் கணினி இல்லாதது குறையன்று. கல்லூரிக் கணினிக் கூடம், நூலகம், பிரவுசிங் சென்டர், நண்பர் அல்லது உறவினர் வீடு என ஏதேனும் ஓரிடத்தில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும்.

முதல் வாரம், கைக்கு. மேசைக் கணினியில் மவுஸை மட்டும் பழகுங்கள். 1990இல் வந்த விண்டோஸ் 3.0 உடன் ஒரு சீட்டாட்டம் சேர்ந்து வந்தது. மவுஸ் என்பதையே அறியாதிருந்த பலரின் கைகளை அந்த விளையாட்டுத்தான் பழக்கியது. இன்றும் அவ்வழி உதவும். விரித்தெழுதும் பகுதி உள்ள தேர்வாயின், தட்டச்சையும் இவ்வாரமே தொடங்க வேண்டும்.

இரண்டாம் வாரம், கண்ணுக்கு. நாளிதழ்களின் தலையங்கத்தைத் திரையில் வாசியுங்கள். வாசித்து முடித்ததும் திரையை மறைத்துவிட்டு, கருத்தை ஐந்து வரிகளில் தாளில் எழுதுங்கள். பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் இரண்டு நாட்கள் பாதியே நினைவில் நிற்கும். வாரக் கடைசியில் மாற்றம் தெரியும். நாளுக்கு இரண்டு புள்ளிவிவர அட்டவணைக் கணக்குகளையும் திரையைப் பார்த்தே போடுங்கள்.

மூன்றாம் வாரம், பொத்தான்களுக்கு. முதல் நாள் விடையைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு மாதிரித் தேர்வைத் திறந்து, வேண்டுமென்றே எல்லாத் தவறுகளையும் செய்து பாருங்கள். விடையைத் தேர்ந்து பதிவு செய்யாமல் தாவுங்கள். நிறம் என்னவாகிறது என்று கவனியுங்கள். குறித்து வையுங்கள், அழியுங்கள், மீண்டும் தேர்ந்தெடுங்கள். தேர்வறையில் செய்யக்கூடாத தவறுகளைச் செய்து பார்க்கும் இடம் இதுவே. மறுநாள் முதல் 20 நிமிடப் பகுதித் தேர்வுகளை எழுதுங்கள். தேசியத் தேர்வு முகமை தன் இணையதளத்தில் மாதிரித் தேர்வுகளை இலவசமாகவே வைத்திருக்கிறது. எந்தத் தேர்வானாலும், அதை நடத்தும் அமைப்பே தரும் மாதிரித் திரை இருந்தால் அதற்கே முதலிடம் தர வேண்டும்.

நான்காம் வாரம், முழுத் தேர்வுக்கு. உண்மைத் தேர்வு நடக்கும் வேளையிலேயே, கைபேசியை அணைத்துவிட்டு, இடையில் எழாமல், தரப்படும் அளவே தாள் வைத்துக்கொண்டு எழுதுங்கள். இயன்றால் ஒருமுறையேனும் பழகாத இடத்தில், பழகாத கணினியில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு தேர்வுக்குப் பின்னும் தவறுகளை இரண்டு பத்திகளாகப் பிரித்தெழுதுங்கள்: 'தெரியாததால் தவறியவை', 'தெரிந்தும் தவறியவை'. இரண்டாம் பத்தி நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தால் திரை பழகிவிட்டது என்று பொருள். முதல் பத்திக்கு மருந்து புத்தகத்தில் இருக்கிறது.

கண்ணையும் காக்க வேண்டும்

திரையை உற்றுநோக்கும்போது நாம் இயல்பைவிடக் குறைவாகவே கண் சிமிட்டுகிறோம். அதனால் கண் உலர்ந்து எரிகிறது. பயிற்சியின்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள ஒரு பொருளை 20 நொடி பாருங்கள். திரை கையெட்டும் தொலைவில், அதன் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றே தாழ்ந்திருக்கட்டும். கண்ணாடி அணிய வேண்டியவர்கள், தேர்வுக்கு முந்திய வாரத்தில் புதுக் கண்ணாடி மாற்றாமல், பயிற்சி தொடங்கும்போதே கண்ணைச் சோதித்துக்கொள்வது நன்று. தேர்வறையில் அமர்ந்ததும் மவுஸ் சரியாக நகர்கிறதா, எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்து, குறையிருந்தால் தேர்வு தொடங்குமுன்பே கண்காணிப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும். நடுவில் கணினி நின்றுவிட்டால் நீங்களாக எதையும் அழுத்தாமல் கையை உயர்த்துங்கள்.

வங்கியாளர்களின் கடமையாக ஓர் எச்சரிக்கை. பொதுக் கணினியில் விண்ணப்பக் கட்டணம் செலுத்தும்போது, கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று உலாவி கேட்டால் மறுத்துவிடுங்கள். முடிந்ததும் கணக்கிலிருந்து முறையாக வெளியேறுங்கள். ஒருமுறைக் கடவுச்சொல்லை மையத்தின் பணியாளர் உட்பட எவரிடமும் சொல்லாதீர்கள். கட்டணத்தைத் தேர்வு நடத்தும் அமைப்பின் இணையதளத்தில் மட்டுமே செலுத்துங்கள். வினாத்தாள் தருகிறோம், மதிப்பெண் கூட்டித் தருகிறோம் என்று வரும் செய்திகள் அனைத்தும் மோசடியே.

எல்லாம் பச்சை

அந்தப் பெண்ணுக்கு நாங்கள் சொன்னவை ஏறக்குறைய இவைதாம். கடைத்தெருவில் இருந்த பிரவுசிங் சென்டரில், காலையில் கூட்டம் வருமுன் ஒரு மணி நேரம் அமர அவருடைய தந்தை ஏற்பாடு செய்தார். மறு ஆண்டு முதல்நிலைத் தேர்வு முடிந்த அன்று மாலை, தந்தையோடு கிளைக்கு வந்து, "விடை தெரிஞ்சதெல்லாம் பச்சை சார்" என்று மட்டும் சொன்னார். தேறினார். முதன்மைத் தேர்வில் அவ்வாண்டு பொது அறிவுப் பகுதி அவரைக் கைவிட்டது. ஆனால் இம்முறை எங்கே குறைந்தது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எதைப் படிக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. கடைசி வாய்ப்பில் இரண்டு கட்டங்களையும் கடந்தார்.

இன்று அவர் வேறொரு வங்கியின் கிளையில், திரைக்கு முன் அமர்ந்து பணி செய்கிறார். தந்தை மட்டும் இன்னும் அந்தப் பழைய கிளைக்கே பணம் செலுத்த வருவதாக அங்குள்ள நண்பர்கள் சொல்கிறார்கள்.

உங்கள் இல்லத்திலும் தேர்வுக்குப் படிப்பவர் இருக்கலாம். அவர் எத்தனை புத்தகங்கள் முடித்தார் என்று கேட்பதோடு, கணினியின் முன் எத்தனை மணி நேரம் அமர்ந்தார் என்றும் கேளுங்கள். அமரவில்லை என்றால், அதற்கு ஓரிடம் தேடித் தருவது இம்மாதம் நாம் அவருக்குச் செய்யக்கூடிய உதவி.